பென்ஷனும் பென்சிலும்: மதுரைப் பக்கம் மலையும் கண்மாயும் வரையத் தொடங்குவோருக்கு

ரிட்டையர் ஆன மறுமாதமே கலர் பெட்டி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பினேன். தபால் கவுன்ட்டரில் 34 வருஷம் முத்திரை குத்திய கை. கிராஜுவிட்டி வந்த தெம்பில் தாளை நிறுத்தி வைத்து வரைகிற மரச் சட்டம் (ஈசல் என்பார்கள்) ஒன்று, 24 டியூப் வாட்டர்கலர், சின்னதும் பெரிசுமாக 11 பிரஷ் என்று ஒரே சாயங்காலத்தில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினேன். ஈசலில் இப்போது துண்டு காய்கிறது. டியூப்களில் பாதி, ஒரு தடவை திறந்து மூடியதோடு கல்லாகிவிட்டன. (வாட்டர்கலர் கல்லானால் தூக்கிப்போட வேண்டாம். டியூபை நீளவாக்கில் கத்தரித்து ஈரப் பிரஷால் தேய்த்தால் கரைந்து வரும். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான்.)

சின்ன வயதில் வரைந்து, நடுவில் விட்டுப்போய், இப்போது மறுபடி தொடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு விட்டுப்போனது ஒன்பதாம் வகுப்பில். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். வாங்கிய கடன் திரும்பி வந்ததே இல்லை. இப்போது மூன்று வருஷமாக வரைகிறேன். எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருப்பதால், அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் மாதம்: மொட்டைமாடி

வாங்க வேண்டியது நான்கே பொருள். கோடு போடாத சின்ன நோட்டு, 2பி பென்சில், கறுப்பு பால்பாயின்ட் பேனா, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகிற கிளிப் வைத்த அட்டை. ரப்பர் வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ரப்பர் கையில் இருந்தால் வரைவதைவிட அழிப்பதில்தான் நேரம் போகும். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருங்கள்.

காலையில் காபி குடித்துவிட்டு மாடிக்குப் போய் 15 நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். கறுப்புத் தண்ணீர் டேங்க், டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுத் தென்னை, தூரத்தில் எட்டிப் பார்க்கிற கோபுரம், எது கண்ணில் பட்டாலும் சரி. என்னடா இது, நிலக்காட்சி என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் டேங்கை வரையச் சொல்கிறாளே என்று தோன்றும். மரத்தைத் தப்பாகப் போட்டால் மரம் காட்டிக்கொடுக்காது. எந்த வடிவத்திலும் மரம் இருக்கும். டேங்க் கோணலாக விழுந்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். அந்த மாதம் முழுக்கக் கண்ணுக்குத்தான் பயிற்சி.

கை நடுங்குகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் லேசாக நடுங்கும். பென்சிலை எழுதப் பிடிப்பதுபோல நுனியில் பிடிக்காமல், நடுவுக்குத் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை ஓட்டுங்கள். நீளமான கோடுகள் நேராக வரும். மிச்சம் இருக்கிற நடுக்கம் பாறைக்கும் மரப்பட்டைக்கும் அழகாகவே பொருந்துகிறது.

கண்ணாடி விஷயம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தூரத்தையும் கிட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கிற வேலை இது. இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்குக் கழுத்து மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அரை மணியில் வலி எடுத்துவிடும். அட்டையை மடியில் கிடத்தாமல் முழங்கால்மேல் சாய்த்து, கண்ணுக்கு நேராக நிமிர்த்தி வைத்தால் பாதி வலி குறையும். புரோகிரசிவ் கண்ணாடியாக இருந்தால் ஓரத்தில் பார்க்கும்போது நேர்கோடு வளைந்து தெரியும். தூண், கம்பம், கோபுரம் வரையும்போது கண்ணை மட்டும் உருட்டாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் கண்புரை. கண் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நான் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். வலது கண்ணை ஆபரேஷன் செய்த மறுவாரம் மாடிக்குப் போய் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தேன். வலது கண்ணில் வானம் பளீரென்று நீலம். இடது கண்ணில் அதே வானம் டீ டிகாக்‌ஷன் கலந்த மாதிரி. புரை விழுந்தால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகிவிடும், நீல ஒளியை வடிகட்டிவிடும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே பிரச்சினை இருந்தது. 1923இல் ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்குச் சற்று முந்தைய வருஷங்களில் அவர் போட்ட படங்களில் சிவப்பும் பழுப்பும் தூக்கலாக இருக்கும். ஆகவே, உங்கள் படம் எல்லாம் மங்கலாகப் பழுப்பேறி இருக்கிறது என்று வீட்டில் சொன்னால் முதலில் கண் டாக்டரைப் பாருங்கள், பிறகு பெயிண்டைக் குறை சொல்லலாம்.

மதுரைக்காஞ்சி இந்த ஊரில் இருந்த ஓவியர்களைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பெயர் முழுசாக விளங்கியது.

இரண்டாம் மாதம்: ஒரே ஒரு இடம்

ஊர் ஊராகப் போய் வரையலாம் என்று ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் போகக்கூடிய ஓர் இடத்தைப் பிடித்து, மூன்று மாதம் அதையே வரையுங்கள். எனக்கு வாய்த்தது யானைமலை. ஒத்தக்கடையைத் தாண்டி, ஒரு வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்தால் மலையின் முழு நீளமும் தெரிகிற இடம் ஒன்று உண்டு. காலை வெயில் பாறையின் முகத்தில் நேராக விழும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் வரைந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா, சர்வே எடுக்க வந்திருக்கீங்களா? ரோடு கீடு போடப் போறாய்ங்களா?”

“இல்லண்ணே, மலையைப் படம் போடுறேன்.”

குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “யானை எங்க தாயி இருக்கு? பன்னி படுத்திருக்க மாதிரில இருக்கு” என்றார். அப்புறம் கம்பை நீட்டிக் காட்டினார். “தலைதான் செங்குத்தா எறங்கும். முதுகு நீளமாப் போகும். நீங்க ரெண்டையும் ஒரே அளவாப் போட்டுட்டீங்க.”

அவர் சொன்னது சரி. புதிதாக வரைகிற எல்லாரும் மலையை உள்ளதைவிட உயரமாகத்தான் போடுவார்கள். மலை நம் மனசுக்குப் பெரிது. கண்ணுக்கு அது வானத்தின் அடியில் கிடக்கிற ஒரு பட்டைதான். இதற்கு மருந்து பென்சில் அளவு. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை மலை உச்சிக்கும் கட்டைவிரல் நகத்தை அடிவாரத்துக்கும் பொருத்துங்கள். அந்த நீளம் ஒரு பங்கு. பென்சிலைப் படுக்கவைத்து, மலையின் நீளத்தில் அந்தப் பங்கு எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். தாளிலும் அதே கணக்கு. முழங்கை மடங்கினால் கணக்கு தப்பும். நான் அளந்து பார்த்தபோது, என் படத்தில் மலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் போயிருந்தது.

இன்னொரு உபகரணமும் வீட்டிலேயே இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டையாகப் பார்த்து, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். அதன் வழியாகப் பார்த்தால் எதை உள்ளே எடுப்பது, எதை விடுவது என்று சட்டென்று முடிவாகும். இதெல்லாம் குறுக்கு வழி இல்லையா என்று கூச்சப்பட வேண்டாம். 1792இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மதுரைக்கு வந்து, சிதைந்து கிடந்த நாயக்கர் மகாலை வரைந்தார்கள். இந்தியப் பயணத்தில் அவர்களிடம் கேமரா அப்ஸ்க்யூரா இருந்தது. காட்சியைத் தாளில் விழவைத்து வெளிக்கோடு போட்டுக்கொள்கிற பெட்டி அது. இடத்தில் உட்கார்ந்து பென்சில் வேலை, லண்டனுக்குத் திரும்பிய பிறகு அச்சுப் படங்கள் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். நாமும் முதல் சில மாதம் வெளியில் பென்சில், வீட்டில் கலர் என்று பிரித்துக்கொண்டால் பதற்றம் குறையும்.

வெயில்

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்று உள்ளே இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். மலை வெறும் அட்டை மாதிரி தெரியும். ஆகவே காலை எட்டரைக்குள் முடியுங்கள், அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். இது உடம்புக்காகச் சொல்வது மட்டும் இல்லை. சாய்ந்த வெயில் இல்லாவிட்டால் வரைவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கப் பழகுங்கள். விவரங்கள் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே திட்டுகள் தெரியும். பென்சிலில் அந்த மூன்றை மட்டும் நிரப்பி, உள்ளங்கை அளவில் இருபது முப்பது படம் போட்ட பிறகு கலர் பெட்டிக்குப் போகலாம்.

கலருக்கு வரும்போது

ஆறு நிறம் போதும்: அல்ட்ராமரின் நீலம், செருலியன் நீலம், லெமன் மஞ்சள், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கிரிம்சன் (அடர் சிவப்பு). கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை கிடைக்கும். வெள்ளையும் வேண்டாம், வாட்டர்கலரில் வெள்ளை என்பது நீங்கள் தொடாமல் விட்ட தாள்தான். பிரஷ் இரண்டு, உருண்டை 6ஆம் நம்பரும் 10ஆம் நம்பரும்.

காசைத் தாளில் போடுங்கள். பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி உப்பும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) வாட்டர்கலர் தாள் என்று கேட்டு வாங்குங்கள். 22க்கு 30 அங்குலம் முழுத்தாள் ஒன்றை 16 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஐந்தரைக்கு ஏழரை அங்குலம் வரும். தாளின் நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டிக்கொண்டால் படம் முடிந்து டேப்பை உரிக்கும்போது வெள்ளை ஓரம் பளிச்சென்று நிற்கும். அந்த ஓரம் சுமாரான படத்தையும் தூக்கிவிடும், அது வேறு விஷயம்.

இனி யானைமலையை ஒரு காலையில் நான் போடுகிற வரிசை.

பென்சிலில் ஐந்தே நிமிஷம்: கீழே மூன்றில் ஒரு பங்கு விட்டுத் தரைக்கோடு, அதன்மேல் மலையின் விளிம்பு, முன்னால் ஒரு வரப்பு, இரண்டு மூன்று பனை. பிறகு அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைச் செருகிச் சாய்வு கொடுங்கள். மலை விளிம்பு வரை வானத்தைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, மேலே செருலியனை இழுத்துவிட்டால் அது தானாகவே கீழே இறங்கி வெளுக்கும். அடிவானத்தில் ஒரு சொட்டு ஆக்கர். அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

காயும் வரை காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். பாதி காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி திட்டுத்திட்டாகப் பூத்துவிடும், அப்புறம் அதை ஒன்றும் செய்ய முடியாது. சித்திரை வைகாசியில் வானம் இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும். அப்போது தொல்லை நேர்மாறானது; ஓரம் வரை போவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்து கோடு விழும். அந்த மாதங்களில் தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்வேன். ஐப்பசி கார்த்திகையில் டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் ஈரமாகவே இருக்கும்.

காய்ந்ததும் மலை. யானைமலை சாம்பல் என்றுதான் எல்லாரும் நினைப்போம். காலை ஏழு மணிக்குப் பாருங்கள், லேசான ரோஜா நிறம் இருக்கும். ஆக்கரில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, ஒரு நுனி கிரிம்சன், நிறையத் தண்ணீர் விட்டு முழு மலைக்கும் ஒரே பூச்சு. அது காய்ந்த பிறகு அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த சாம்பலால் நிழல் விழுந்த மடிப்புகளை மட்டும் போடுங்கள். ஆட்டுக்காரர் இரண்டாம் தடவை வந்தபோது, “மழைத்தண்ணி ஓடுன தாரை கறுகறுன்னு இருக்கே, அதக் காணோமே” என்றார். அதற்குப் பிரஷைத் துணியில் ஒற்றி, ஈரம் போகவைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தாளின் சொரசொரப்பில் கலர் விட்டுவிட்டுப் பிடிக்கும். பாறைக்கு அதுதான் வேண்டும்.

அடிவாரத்து மரங்களை இலை இலையாகப் போடாதீர்கள். நீலம் கலந்த மங்கலான பச்சையில் ஒரே பட்டை போதும். தூரம் போகப் போக நிறம் நீலத்துக்கும் வெளிறலுக்கும் போகும். கிட்டத்தில் இருப்பதுதான் அழுத்தமாக நிற்கும். இதைத் தலைகீழாகப் போட்டால் மலை நம் மடியில் வந்து விழும். கடைசியில் வரப்பும் பனையும். பனைமரத்துத் தண்டைக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் ஏற்றுங்கள். கொண்டை உருண்டையாக, நடுவில் வானம் தெரிகிற ஓட்டைகளோடு இருக்கட்டும். விசிறி மட்டைகள் விறைப்பாக நிற்கும். தென்னை ஓலை மாதிரி தொங்கவிட்டுவிடாதீர்கள், நம்மூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

இதோடு நிறுத்துங்கள். இன்னும் ஒரு டச் கொடுத்தால் தூக்கலாக இருக்கும் என்று தோன்றும்போதுதான் என் படங்களில் பாதி கெட்டது.

பச்சையைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பெட்டியில் வருகிற பச்சையை அப்படியே பூசினால் வயல் பிளாஸ்டிக் நாற்காலி நிறத்தில் இருக்கும். நாற்று நட்ட வயலுக்கு லெமன் மஞ்சளில் சிட்டிகை நீலம். வேம்புக்கு அதிலேயே ஆக்கர். சீமைக் கருவேலத்துக்குச் சியன்னா சேர்த்து நன்றாக மங்கவைக்க வேண்டும். வீட்டில் ஒரு தாளில் இந்தக் கலவைகளைக் கட்டம் கட்டிப் பூசி, பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் உட்கார

மடக்கு ஸ்டூல், தொப்பி, குடிக்க ஒரு பாட்டில், பிரஷுக்கு வேறு நிறத்தில் ஒரு பாட்டில். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் நான் ஒருமுறை அல்ட்ராமரின் குடித்திருக்கிறேன். டீயில் பிரஷை நனைத்ததற்குக் கணக்கே கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள், வரைகிற மும்முரத்தில் பசி தெரியாது. பெண்கள் தனியாகப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழியில் கழிவறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், எந்த இடம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். என்னோடு என் நாத்தனார் வருவார். அவருக்கு வரைவதில் ஆர்வம் இல்லை. பூ கட்டிக்கொண்டே வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையை எடுத்துக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய உதவி.

மூன்று மாதம் கழித்து

இப்போது வேறு இடங்கள். கீழக்குயில்குடிச் சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமர நிழல் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். குரங்கு வரும், சலசலக்கிற பிளாஸ்டிக் கவரைத்தான் முதலில் பிடுங்கும், துணிப்பையில் கொண்டுபோங்கள். மலைமேல் உள்ள சமணச் சிற்பங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், பிரஷ் கழுவிய தண்ணீரைப் பாறையில் ஊற்றாதீர்கள். மாடக்குளம் கண்மாய் மழைக்குப் பிறகு நன்றாக இருக்கும்.

திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம் மாலைக்கு ஏற்றது. தண்ணீரில் விழும் பிம்பத்தை முதன்முதலாகப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மைய மண்டபத்தின் வெளிச்சமான சுவர் தண்ணீரில் கொஞ்சம் இருண்டு தெரியும். இருண்ட மரங்கள் கொஞ்சம் வெளிறித் தெரியும். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் போட்டுவிட்டால் போதும், அலை அலையாகக் கோடு கிழிக்காமலே அது தண்ணீராகிவிடும். பிம்பம் பொருளுக்கு நேர் கீழே விழ வேண்டும், சாய்ந்து விழக்கூடாது.

மீனாட்சி அம்மன் கோபுரத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி போட்டமாதிரி ஒவ்வொரு சுதைச் சிற்பமும் வர வேண்டும் என்று உட்கார்ந்தால் முதல் நிலையிலேயே பொழுது இருட்டிவிடும். தூரத்து மாடி ஒன்றிலிருந்து, மேலே போகப் போகக் குறுகுகிற அந்த வெளிக்கோட்டையும், ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழலையும் மட்டும் போடுங்கள். நிலைகளை எண்ணி, மேலே வர வர உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மற்றதைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

படம் எவ்வளவு மோசமாக வந்தாலும் கிழிக்காதீர்கள். பின்பக்கம் தேதி, மணி, இடம், வெயிலா மேகமூட்டமா என்று பென்சிலில் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். நான் முதல் வருஷப் படங்களைப் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தேன். பூச்சி அரித்து, இப்போது மிச்சம் இருப்பது பதினேழு யானைமலை. அந்தப் பன்னி படமும் அதில் ஒன்று. ஆட்டுக்காரர் அதைத்தான் கேட்டார். கொடுக்க மனசில்லாமல், சரியாக வந்த வேறொன்றைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல தாரை இருக்கு” என்று சொல்லி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.